பருத்தித் துணியில் இங்க்ஜெட் அச்சு தெளிவாக விழ வேண்டுமா? துணியிலிருந்து தொடங்குங்கள்

காகிதத்தில் பளிச்சென்று விழுந்த அதே படத்தைப் பருத்தித் துணியில் அடித்துப் பாருங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரியும், சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போயிருக்கும், மெல்லிய கோடெல்லாம் ஓரம் பிசிறி மீசை முளைத்தது மாதிரி நிற்கும். உடனே எல்லோரும் கை வைப்பது பிரிண்டரில்தான். ரெசல்யூஷனை ஏற்றுவார்கள், பாஸ் (மை பாய்ச்சும் ஹெட் ஒரே இடத்தின் மேல் போய்வரும் தடவை) எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், மையை மாற்றுவார்கள், ஹெட்டை மூன்று தடவை கிளீன் பண்ணுவார்கள். நான் பார்த்தவரை பருத்தியில் வரும் அச்சுக் கோளாறுகளில் பெரும்பகுதி துணி பிரிண்டருக்குள் போகும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. மிச்சத்தில் பாதி, அச்சு முடிந்த பிறகு நீராவி காட்டுவதிலும் அலசுவதிலும் நடப்பது. அதனால் இங்கே பிரிண்டர் செட்டிங்குக்குக் கொஞ்ச இடம்தான், துணிக்கும் அதற்கு முன்னும் பின்னும் செய்யும் வேலைக்கும்தான் நிறைய இடம்.

ஏன் இப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்தால், ஒரு மைப்புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 0.042 மில்லிமீட்டர் இடைவெளி. 40ஆம் நம்பர் பருத்தி நூலின் தடிமன் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். அதாவது ஒரே நூலின் முதுகில் குறுக்காக மூன்று புள்ளிகள் உட்காருகின்றன. அந்த நூலோ முறுக்கிய இழைகளின் கட்டு, இழைகளுக்கு நடுவே நூலின் நீளத்துக்கும் மெல்லிய சந்துகள். இங்க்ஜெட் மை தண்ணீர் மாதிரி நீர்த்தது, நாசில் என்ற நுண்துளை அடைக்காமல் துளியாகப் பாய வேண்டுமென்றால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். விழுந்த துளி அந்தச் சந்துகளில் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி ஓடுகிறது. போட்டோ காகிதத்தில் மையை அந்தந்த இடத்தில் பிடித்து நிறுத்த ஒரு பூச்சு இருக்கிறது, வெறும் துணியில் அது கிடையாது. அந்த வேலையைச் செய்ய ஏதாவது ஒன்றை நாம்தான் துணியில் வைக்க வேண்டும். மொத்த விஷயமும் இதைச் சுற்றித்தான்.

முதலில் எந்த மை என்று தெளிவாகிக்கொள்ளுங்கள்

பருத்திக்கு இரண்டே வழிதான் பிரதானம். ஒன்று ரியாக்டிவ் சாய மை, இன்னொன்று பிக்மென்ட் மை. ரியாக்டிவ் சாயம் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்து இழையின் பகுதியாகவே ஆகிவிடும். இந்தச் சாயங்கள் 1956இல் சந்தைக்கு வந்தவை, பருத்தியில் பளீர் நிறமும் சலவைக்கு நிற்கும் உறுதியும் சேர்ந்து கிடைக்க இன்றைக்கும் இதுதான் நல்ல வழி. துணியின் மென்மையும் மாறாது. ஆனால் முன்தயாரிப்பு, ஆவி, அலசல் மூன்றும் வேண்டும். பிக்மென்ட் மை என்பது கரையாத நிறத்துகள், பைண்டர் என்ற பசை அதை இழையின் மேல் ஒட்டிவைக்கிறது. சூடு காட்டினால் போதும், அலச வேண்டாம். பதிலுக்கு நிறத்தின் ஆழம் கொஞ்சம் குறையும், தேய்த்தால் உதிரும் வாய்ப்பு அதிகம், மை கனமாக விழுந்த இடம் தொட்டால் லேசாக விறைப்பாக இருக்கும்.

அலுவலக பிரிண்டரில் வரும் சாதாரண சாய மை மூன்றாவது வகை. அது பருத்தியோடு எந்தப் பிணைப்பும் போடாது, முதல் சலவையிலேயே பெரும்பாலும் போய்விடும். அதை வைத்துக்கொண்டு துணி அடிப்பவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

துணி தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது

தறியிலிருந்து இறங்கிய துணியில் பாவு (நீளவாக்கு) நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், பருத்தியின் இயல்பான மெழுகு இருக்கும், பெக்டின் இருக்கும், நெசவில் பட்ட எண்ணெய் இருக்கும். கஞ்சி நீக்கி, காரத்தில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்த துணிதான் அச்சுக்கு வர வேண்டும். 'பிளீச் பண்ணின துணி' என்று சொல்லித் தருவதை அப்படியே நம்பாதீர்கள், வெள்ளையாக இருப்பதும் தண்ணீரை உறிஞ்சுவதும் வேறு வேறு. மேலே சாஃப்ட்னரோ கஞ்சியோ போட்டு முடித்த துணி பார்க்க அழகாக இருக்கும், அச்சில் காலை வாரிவிடும்.

நான் ஒவ்வொரு உருளைத் துணிக்கும் தவறாமல் செய்வது சொட்டுச் சோதனை. துணியை ஒரு வளையத்தில் இறுக்கிப் பிடித்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். குனிந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பாருங்கள். சொட்டு விழுந்ததும் ஒரு பளபளப்புத் தெரியும், அந்தப் பளபளப்பு மறையும் வரை எண்ணுங்கள். ஐந்து நொடிக்குள் மறைந்துவிட்டால் சரி. நல்ல துணியில் ஒரு நொடிகூட ஆகாது. சொட்டு முத்து மாதிரி நின்றுகொண்டே இருந்தால் மெழுகோ சாஃப்ட்னரோ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இதை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. இரண்டு கரை, நடு, உருளையின் ஆரம்பம், முடிவு என்று ஐந்தாறு இடத்தில் பாருங்கள், ஏனென்றால் துணி மெதுவாக உறிஞ்சுவதைவிட இடத்துக்கு இடம் வேறு வேறாக உறிஞ்சுவதுதான் பெரிய தொல்லை. மெதுவாக இருந்தால் நிறம் மொத்தமாகக் குறையும், அதைச் சரிக்கட்டலாம். ஒழுங்கில்லாமல் இருந்தால் திட்டுத்திட்டாக விழும், அதை எந்த செட்டிங்காலும் மறைக்க முடியாது.

கஞ்சி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அயோடின் சொட்டு போதும். நீலம் அல்லது ஊதாவாக மாறினால் மாவுக்கஞ்சி இருக்கிறது. அடுத்தது பிஎச். ஈரத் துணியில் பிஎச் தாளை அழுத்திப் பாருங்கள், 7ஐ ஒட்டி இருக்க வேண்டும். நன்றாக அலசாத துணியில் காரம் தங்கியிருக்கும், முன்தயாரிப்புக் கரைசலின் கணக்கை அது கெடுக்கும்.

இவற்றோடு பெராக்சைடு மிச்சத்தையும் பார்க்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஒரு தடவை நீண்ட துணி ஒன்றில் முதல் பத்து மீட்டர் அருமையாக வந்து, போகப்போக நீலமும் கறுப்பும் மங்கிக்கொண்டே போயின. நாசில் செக் சரியாக இருந்தது, மை புதியது, ஆவி நேரமும் மாறவில்லை. இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்ட பிறகு பெராக்சைடு சோதனைத் தாளை ஈரத் துணியில் வைத்துப் பார்த்தேன், தாள் நீலமாக மாறியது. வெளுத்த பிறகு சரியாக அலசாமல் வந்த துணி, உருளையின் உள்பக்கம் போகப்போக அதிகம் தங்கியிருந்தது. பெராக்சைடு சில சாயங்களை ஆவியில் அழித்துவிடும். நன்றாக வெந்நீரில் அலசினாலே போய்விடும், அல்லது கேட்டலேஸ் என்சைம் போட்டுப் போக்கலாம். அன்றிலிருந்து அந்தச் சோதனைத் தாள் என் மேஜையைவிட்டு நகர்ந்ததில்லை.

துணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால், சீவிய பஞ்சில் நூற்ற மெல்லிய நூல், நெருக்கமான நெசவு, பொசுக்கி மேல்மயிர் நீக்கிய முகம், முடிந்தால் மெர்சரைஸ் செய்தது என்று கேளுங்கள். மெர்சரைஸ் செய்யும்போது கடுங்காரத்தில் பருத்தி இழை வீங்கி, நசுங்கிய நாடா வடிவத்திலிருந்து உருண்டைக்கு வருகிறது. சாயம் உறிஞ்சும் திறனும் பளபளப்பும் கூடும், அதே மையில் நிறம் ஒரு படி ஆழமாகத் தெரியும். இருண்ட நிறத்தில் குண்டூசி முனை அளவு வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கிறதா? லென்ஸ் வைத்துப் பாருங்கள், முதிராத இழைகள் சுருண்டு முடிச்சாகிக் கிடக்கும். அந்த இழைக்குச் சாயம் பிடிக்கும் சுவர் இல்லை, அதுதான் வெள்ளை. இதற்கு மையைக் கூட்டிப் பயனில்லை, துணியைத்தான் மாற்ற வேண்டும்.

முன்தயாரிப்புக் கரைசல்

ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு பிணைய காரம் வேண்டும். சாதாரண ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சாயம், காரம், கட்டியாக்கும் பசை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பூசுவார்கள். இங்க்ஜெட்டில் அது நடக்காது. காரத்தை மையில் கலந்தால் சாயம் டப்பாவிலேயே தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும், பசையைக் கலந்தால் நாசில் வழியாகப் போகாது. அதனால் மையில் வைக்க முடியாத எல்லாவற்றையும் முன்கூட்டியே துணியில் ஏற்றிக் காயவைக்கிறோம்.

ஒரு லிட்டர் கரைசலுக்கு நான் தொடங்கும் அளவு இது: யூரியா 100 கிராம், சோடியம் பைகார்பனேட் 30 கிராம், குறைந்த பிசுபிசுப்புள்ள சோடியம் ஆல்ஜினேட் 10 முதல் 15 கிராம், ரெசிஸ்ட் சால்ட் 10 கிராம். மீதி தண்ணீர். ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கொட்டாதீர்கள், கட்டி கட்டியாகும். வேகமாகச் சுழலும் தண்ணீரில் தூவித் தூவிப் போட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, அப்புறம் நைலான் துணியில் வடிகட்டுங்கள். கடினத் தண்ணீர் என்றால் கால்சியம் ஆல்ஜினேட்டைப் பிடித்துத் திரித்திரியாக்கிவிடும், சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள் அல்லது மென்னீரே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்தால் தப்பு நடக்கும்போது எதைத் தொடலாம் என்று தெரியும். ஆல்ஜினேட்தான் மையைப் பரவவிடாமல் நிறுத்துவது. மாவுப்பசை ஏன் கூடாது என்றால் அது சாயத்தோடு தானே வினைபுரிந்து துணிக்குப் போக வேண்டிய சாயத்தைத் தின்றுவிடும், அலசினாலும் போகாமல் துணியை விறைக்க வைக்கும். ஆல்ஜினேட் அப்படி வினைபுரிவது மிகக் குறைவு. யூரியா ஆவியில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு சாயத்தைக் கரைத்து இழைக்குள் போக வழி செய்கிறது. பைகார்பனேட் சாதாரண வெப்பத்தில் மிதமான காரம், ஆவியின் சூட்டில் கார்பனேட்டாக மாறிக் காரம் ஏறும், அந்த நேரத்தில்தான் சாயம் பிணைய வேண்டும். ரெசிஸ்ட் சால்ட், ஆவியில் சாயம் ஒடுக்கமடைந்து நிறம் மங்காமல் காக்கிறது.

அளவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அது துணியில் சீராக ஏறுவது. பேடிங் மாங்கிள் (துணியைக் கரைசலில் முக்கி உருளைகளுக்கு நடுவே பிழியும் கருவி) இருந்தால் 70 முதல் 80 சதவீதம் பிக்அப், அதாவது துணி எடையில் அவ்வளவு கரைசல் ஏறும்படி வையுங்கள். உலர்ந்த துணி 100 கிராம் என்றால் பிழிந்த பிறகு 170இலிருந்து 180 கிராம் இருக்க வேண்டும், தராசில் நிறுத்துப் பாருங்கள். கையால் முக்கி முறுக்கிப் பிழிந்தால் முறுக்கின மடிப்பெல்லாம் அச்சில் மரப்பட்டைக் கோடு மாதிரித் தெரியும். மாங்கிள் இல்லாதவர்கள் துணியைச் சமதளத்தில் விரித்து, கரைசலை ஊற்றி ரப்பர் ஸ்க்வீஜியால் நாலு பக்கமும் இழுத்துவிடுவது மேல்.

காயவைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கயிற்றில் தொங்கவிட்டால் கரைசல் மெல்லக் கீழே இறங்கிக் கீழ்க்கரையில் கெட்டியாகச் சேர்ந்துவிடும். அப்புறம் அச்சில் மேல்பகுதி பரவும், கீழ்ப்பகுதி கூர்மையாக வரும், காரணம் தெரியாமல் பிரிண்டரைத் திட்டுவோம். ஒரு பக்கம் மட்டும் சூடான காற்று அடித்தாலும் கரைசல் அந்தப் பக்கத்துக்கே நகரும். கிடைமட்டமாக நீட்டிப் பிடித்து, இரண்டு பக்கமும் மிதமான சூட்டில், 100 டிகிரிக்குக் கீழே காயவையுங்கள். அதற்கு மேல் போனால் பைகார்பனேட் அப்போதே வேகமாகச் சிதைந்துவிடும். காய்ந்த துணியை உருளையாகச் சுற்றி பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், யூரியா காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சில நாட்களிலேயே அச்சடித்துவிடுவது நல்லது.

கோட்டுச் சோதனை: இதை மட்டும் தவிர்க்காதீர்கள்

பசை எவ்வளவு என்பதற்கு எல்லாத் துணிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. வாயில் (voile) என்ற மெல்லிய துணிக்கும் தடித்த கேன்வாஸுக்கும் ஒரே அளவு சரிவராது. அதனால் ஆல்ஜினேட்டை 5, 10, 15, 20 கிராம் என்று நாலு கரைசலாகப் போட்டு நாலு துண்டுத் துணியில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் 0.2, 0.3, 0.5, 1 மில்லிமீட்டர் தடிமனில் கறுப்புக் கோடுகளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அடியுங்கள், நிறம் நிரப்பின கட்டத்துக்கு நடுவே அதே தடிமனில் வெள்ளைக் கோடுகளையும் விடுங்கள். கறுப்புக் கோடு தடித்தால் கண்ணை ஏமாற்றிவிடும், வெள்ளைக் கோடு அடைபட்டால் ஏமாற்ற முடியாது. பரவலைப் பிடித்துக் காட்ட வெள்ளைக் கோடுதான் சரி.

லென்ஸில் பாருங்கள். பாவுக்கு இணையாகப் போகும் கோடு தடித்திருந்தால் மையை வெளியே இழுப்பது அதைக் குறுக்கே வெட்டும் ஊடை (குறுக்குவாக்கு) நூல். ஊடைக்கு இணையான கோடு தடித்தால் பாவு நூல். இரண்டும் ஒரே அளவில் தடித்தால் பசை போதவில்லை. ஒரு திசையில் மட்டும் தடித்தால் அந்த நூலின் முறுக்கோ தடிமனோ காரணம், பசையை ஏற்றி ஓரளவுதான் சமாளிக்கலாம், கோட்டையே டிசைனில் மெலிதாக வரையலாம்.

பரவல் குறைகிறதே என்று பசையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 20 கிராம் துண்டில் கோடு கத்தி மாதிரி இருக்கும், ஆனால் ஆவி காட்டி அலசிய பிறகு நிறம் நிரப்பின கட்டத்திலிருந்து ஒரு நூலை ஊசியால் உருவிப் பாருங்கள். மேல்பக்கம் மட்டும் நிறமாகவும், மற்ற நூலுக்கு அடியில் ஒளிந்திருந்த பகுதி வெள்ளையாகவும் வரிக்குதிரை மாதிரி இருக்கும். பசை மேலேயே மையைத் தாங்கிவிட்டது, அலசும்போது பசையோடு சாயமும் போயிருக்கும். துணியை இழுத்தால் நடுவே வெள்ளை தெரியும். கோடும் தெளிவாக, உருவின நூலில் நிறமும் போதுமான அளவு இறங்கியிருக்கும் துண்டுதான் உங்கள் அளவு.

நேர்மின்னேற்றம் ஏற்றும் முறையும் இருக்கிறது. குவாட்டர்னரி அமோனியம் வகைச் சேர்மங்களைப் பருத்தியில் ஏற்றினால், எதிர்மின்னேற்றம் உள்ள சாயத்தை அது விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். நிறம் கணிசமாக ஆழமாகும், யூரியாவும் காரமும் குறைவாகப் போதும், கழிவுநீரில் சேரும் நைட்ரஜனும் குறையும். எனக்கு மிகவும் பிடித்த முறை, ஆனால் வெள்ளைப் பின்புலம் நிறைய உள்ள டிசைனுக்குப் பயன்படுத்த மாட்டேன். அலசும்போது கழன்று வரும் சாயத்தை அந்த வெள்ளைப் பகுதியும் ஆசையாகப் பிடித்துக்கொள்ளும்.

பிரிண்டரில் கவனிக்க வேண்டியவை

துணியைப் பசைநாடா உருளையால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பஞ்சுத் துகள் ஹெட்டில் ஒட்டினால் நீளத்துக்கும் கோடு இழுக்கும். ஹெட்டுக்கும் துணிக்கும் இடைவெளி மயிர் உரசாத அளவுக்கு, வழக்கமான மெல்லிய நெசவுக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர். இதைக் கூட்டினால் துளிகள் வழியிலேயே விலகி, பெரிய துளியோடு வரும் குட்டித் துளிகள் ஓரத்தில் தூசி மாதிரிச் சிதறும். அறை ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருக்கட்டும், காற்று வறண்டால் நாசில் நுனியில் மை காயும். அச்சில் குறுக்குப் பட்டைகள் வந்தால் முதலில் நாசில் செக். அது சரியென்றால் துணி நகரும் அளவைச் சரிபாருங்கள், துணி இழுபடும்போது ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கூடவோ குறையவோ நகர்ந்து பட்டை விழும்.

மை அளவுக்கு ஒரு வரம்பு கண்டுபிடியுங்கள். 10 சதவீதத்திலிருந்து 100 வரை படிப்படியாக ஏறும் கட்டங்களை ஒவ்வொரு நிறத்துக்கும் அடித்து, முழுதாக முடித்த பிறகு பாருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் 80க்கும் 90க்கும் 100க்கும் வித்தியாசமே தெரியாது. அதற்கு மேல் போடும் மை துணியில் ஒட்டாமல் அலசலில் போவதுதான், போகிற வழியில் வெள்ளையையும் கெடுக்கும்.

இன்னொன்று, ரியாக்டிவ் மையில் பிரிண்டரிலிருந்து வெளியே வரும் துணியைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லாமே மந்தமாக, கறுப்பு வெளிறியிருக்கும். ஆவிக்கும் அலசலுக்கும் பிறகுதான் உண்மை நிறம் திறக்கும். ஐசிசி புரொஃபைல் (இந்தத் துணியில் எந்த மை எந்த நிறமாக விழும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) எடுப்பவர்கள் நிறக்கட்டங்களை முழுதாக ஆவி காட்டி, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே அளக்க வேண்டும். துணி மாறினால், ஆவி நேரம் மாறினால், முன்தயாரிப்பு மாறினால் புரொஃபைலும் புதிதாக வேண்டும். ஈரத்தில் துணி சுருங்குவதையும் அதே துண்டில் அளந்துகொள்ளலாம். 50 சென்டிமீட்டர் சதுரம் அடித்து எல்லாம் முடிந்ததும் நீளவாக்கில் 48.5 ஆகியிருந்தால், டிசைனை நீளவாக்கில் 103.1 சதவீதமாக நீட்டி அடியுங்கள். குறுக்குவாக்கை அதே எண்ணால் நீட்டாதீர்கள், அது தனியாகச் சுருங்கும்.

ஆவியும் அலசலும்

அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு 102 டிகிரி நிறைநீராவியில் 8 முதல் 10 நிமிடம். ஆவியில் ஈரம் குறைவாக இருந்தால் சாயம் கரைந்து இழைக்குள் போகாது, நிறம் பாதியில் நிற்கும். ஈரம் அதிகமாகிக் கூரையிலிருந்து சொட்டு விழுந்தால் அந்த இடம் பூத்துப் பரவிவிடும், நீங்கள் பசையோடு பட்ட பாடெல்லாம் வீண். சிறிய உயரப் பாத்திரத்தில் செய்பவர்கள் துணி துணியைத் தொடாதபடி நடுவே உறிஞ்சும் தாள் வைத்துத் தளர்வாகச் சுருட்டி, மேலே கனத்த துணியோ ஃபெல்ட்டோ மூடி வைத்துச் சொட்டைத் தடுங்கள். சுருளின் உள்மடிப்பு வரை ஆவி போக நேரம் பிடிக்கும் என்பதால் பத்து நிமிடம் போதாது, அரை மணிக்கு மேல் வையுங்கள். சுருளின் வெளிப்பக்கத்திலும் உள்பக்கத்திலும் ஒரே நிறக்கட்டத்தை வைத்து அடித்துப் பார்த்தால் நேரம் போதுமா என்று அதுவே சொல்லும்.

டர்க்காய்ஸ் நீலம் மட்டும் மற்ற நிறங்களோடு சேர்ந்து நடக்காது. அதன் மூலக்கூறு பெரியது, தாலோசயனின் வகை, இழைக்குள் மெதுவாகத்தான் நுழையும். பச்சையும் வான நீலமும் மட்டும் மங்கலாக வந்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால் ஆவி நேரத்தை இரண்டு மூன்று நிமிடம் கூட்டிப் பாருங்கள், யூரியாவையும் கொஞ்சம் ஏற்றலாம்.

ஆவியில் எல்லாச் சாயமும் பிணையாது. ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து செத்த சாயமாக இழையில் உட்கார்ந்திருக்கும், அதை முழுக்க வெளியேற்றும் வரை வேலை முடியவில்லை. இங்கே அவசரப்பட்டு நேராக வெந்நீரில் போடுபவர்கள் வெள்ளையை இழக்கிறார்கள். முதலில் நிறையக் குளிர்ந்த தண்ணீரில், துணி அசைந்துகொண்டே இருக்கும்படி, இரண்டு மூன்று தடவை. இதில் யூரியா, காரம், பசை, தளர்வான சாயம் போகும். காரம் போன பிறகு வெந்நீருக்கு வந்தால் கழன்ற சாயம் வெள்ளையில் பிணைய வழியில்லை. பிறகு 60 டிகிரி, பிறகு 90இலிருந்து 95 டிகிரியில் அயனியற்ற சோப்பு நீரில் பத்து நிமிடம், பிறகு தண்ணீர் தெளியும் வரை அலசல். ஈரத் துணியைக் குவித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மடிப்பின் ஒரு பக்கப் பூ மறுபக்கம் பதிந்திருக்கும்.

பிக்மென்ட் மையும் வீட்டு பிரிண்டரும்

பிக்மென்டில் நிறத்துகளை மேலேயே நிறுத்துவதற்குத்தான் முன்தயாரிப்பு. இருண்ட டிஷர்ட்டில் வெள்ளை மை அடிப்பவர்கள் தெளிக்கும் திரவத்தில் கால்சியம் போன்ற உப்பு இருக்கும். மை பட்டவுடன் துகள்களைத் திரளவைத்து இழைக்குள் மூழ்காமல் பிடிக்கும். அதிகம் தெளித்தால் சூட்டுப் பலகையின் அச்சு சதுரமாகத் தெரியும், குறைவாகத் தெளித்தால் வெள்ளைக்குள் துணியின் கறுப்பு எட்டிப் பார்க்கும். தெளித்த பிறகு மேல்மயிர் படியும்படி அழுத்திக் காயவைப்பது பாதி வேலை, ஒரு நிமிர்ந்த மயிர்கூட வெள்ளையைத் துளைத்துக்கொண்டு நிற்கும். பைண்டர் இறுக வழக்கமாக 150 முதல் 160 டிகிரி, மூன்று முதல் ஐந்து நிமிடம். அந்தச் சூடு துணியின் மேல் உண்மையில் வருகிறதா என்று வெப்பநிலை காட்டும் பட்டையை ஒட்டிப் பாருங்கள், கருவியின் திரையில் காட்டும் எண்ணும் துணியின் சூடும் பல சமயம் ஒன்றல்ல. சலவையில் பிக்மென்ட் உதிர்வதற்குச் சூடு போதாததுதான் பெரும்பாலும் காரணம்.

வீட்டில் ஏ4 பிரிண்டரில் அடிப்பவர்கள் முதலில் மை டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்டாகவும் மற்ற மூன்றும் சாயமாகவும் இருக்கும். அதனால்தான் கழுவின பிறகு எழுத்து அப்படியே இருக்க, பூக்கள் மட்டும் காணாமல் போகின்றன. நான்குமே பிக்மென்ட் உள்ள பிரிண்டர் கிடைத்தால் பாதிக் கவலை விட்டது. மெல்லிய, நெருக்கமாக நெய்த, சாஃப்ட்னர் போகக் கழுவின துணியை ஏ4 அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஒட்டும் லேபிள் தாளிலோ பிளாஸ்டிக் பூச்சுள்ள ஃப்ரீசர் தாளின் பளபளப்புப் பக்கத்திலோ குமிழி இல்லாமல் ஒட்டி இஸ்திரி போட்டு, அதன் பிறகு கத்தியால் சரியான அளவுக்கு வெட்டுங்கள். ஓரத்தில் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது, உள்ளே போகும் முனையில் செல்லோடேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அச்சடித்து ஒரு நாள் விட்டு, ஆவி இல்லாத இஸ்திரியைப் பருத்திச் சூட்டில் வைத்து மேலே தாள் போட்டு அழுத்துங்கள். சாய மைதான் இருக்கிறது என்றால், துணிக்கென்று விற்கும் நேர்மின்னேற்ற முன்கரைசலில் முக்கிக் காயவைத்து அடியுங்கள், அப்போதும் குளிர்ந்த தண்ணீரில் மென்மையாகக் கழுவும் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தேய்ப்புச் சோதனை. எந்த மையானாலும், துணி முழுதாகக் காய்ந்து ஒரு நாள் ஆன பிறகு, விரலில் வெள்ளைப் பருத்தித் துண்டைச் சுற்றி, மிக இருண்ட இடத்தில் ஒரே அழுத்தத்தில் பத்துத் தடவை முன்னும் பின்னும் தேயுங்கள். அப்புறம் இன்னொரு துண்டை நனைத்துப் பிழிந்து அதே மாதிரி. உலர்ந்ததில் கறை இல்லாமல் ஈரத் துண்டில் மட்டும் நிறம் ஏறினால், ரியாக்டிவ் என்றால் செத்த சாயம் இன்னும் இருக்கிறது, 95 டிகிரிச் சோப்பு நீருக்கு ஒருமுறை திரும்ப அனுப்புங்கள். பிக்மென்டில் இரண்டிலுமே ஏறினால் சூட்டை மறுபடி காட்டுங்கள். தேய்த்த அந்த இரண்டு வெள்ளைத் துண்டுகளையும், உருவின நூலையும், கோட்டுச் சோதனைத் துண்டையும் ஒரு அட்டையில் ஒட்டி, ஆல்ஜினேட் எத்தனை கிராம், பிக்அப் எத்தனை சதவீதம், ஆவி எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த உருளை வந்ததும் சொட்டுச் சோதனைக்குப் பிறகு முதலில் எடுக்க வேண்டியது அந்த அட்டையைத்தான்.